சாட்பாட் சந்தேகங்கள்: தக்கலைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். மனு அடிக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் போனில் சாட்பாட்டை, அதாவது கேட்டதற்கு எழுத்தில் பதில் தரும் ஏஐ செயலியை, திறந்து நீட்டி, "இந்த ஏஐ-கிட்ட கேட்டேன், இப்படிச் சொல்லுது, சரிதானா?" என்கிறார்கள். ஒரே விளக்கத்தை நாளுக்கு நாலு தடவை சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். நான் கம்ப்யூட்டர் விஞ்ஞானி இல்லை. படித்ததையும் பழகிப் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

"அண்ணே, அந்தப் பக்கம் யாராவது இருந்து டைப் அடிச்சு விடுதாவளா?"

இல்லை. நீங்கள் அனுப்பும் வாக்கியம் எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் போகிறது. அங்கே ஓடும் புரோகிராம் பதிலை உருவாக்கித் திருப்பி அனுப்புகிறது. சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து விழுவதால் ஆள் அடிப்பது போலத் தெரியும். அது ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இப்படி நினைப்பது நாம் மட்டுமல்ல. 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலைசா' என்று ஒரு புரோகிராம் எழுதினார். மனநல மருத்துவர் மாதிரி, நாம் சொன்னதையே கேள்வியாக மாற்றித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதை அவர் உருவாக்கியதைப் பல மாதம் கூடவே இருந்து பார்த்த அவருடைய செக்ரட்டரி, அதோடு நாலு வார்த்தை பேசியதும், "கொஞ்சம் வெளியே போங்கள்" என்று அவரையே அறையை விட்டு அனுப்பினாராம். எலைசா வேலை செய்த விதத்துக்கும் இன்றைய சாட்பாட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. பேச்சு வந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று நம்பும் நம்ம மனசு மட்டும் மாறவே இல்லை.

"அப்போ கூகுள்ல தேடி எடுத்துதானே தருது?"

பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அடிப்படையில் அது தேடுவதில்லை, எழுதுகிறது. அதுவரை வந்த சொற்களைப் பார்த்து அடுத்து எது வரப் பொருத்தம் என்று கணக்குப் போட்டு ஒரு துண்டை வைக்கும். பிறகு அதையும் சேர்த்துப் பார்த்து அடுத்த துண்டு. பதில் துண்டு துண்டாக வருவது அதனால்தான்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் என் தொழில். "ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் வசித்து" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினாலே, என் விரல் "வருகிறேன்" என்று அடித்து முடித்திருக்கும். "எனவே தாங்கள் இது குறித்து" என்றால் "தக்க நடவடிக்கை எடுக்குமாறு". வருஷக்கணக்கில் மனு அடித்த கை அது. ஆனால் அந்த ஆள் உண்மையில் அந்த முகவரியில் வசிக்கிறாரா, வழித்தகராறில் நியாயம் யார் பக்கம் என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரியாது. சாட்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாடலை, உலகத்தில் உள்ள எல்லா வகை எழுத்துக்கும் கை பழகிப்போன ஒரு டைப்பிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்த டைப்பிஸ்ட்டைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடப் போகிறேன்.

"கை பழகுதுன்னா? அதுக்கு யாரு பாடம் எடுத்தது?"

புத்தகம், இணையப் பக்கம், செய்தி, விக்கிப்பீடியா, புரோகிராம் என்று மலைபோல எழுத்தைக் கொட்டுகிறார்கள். ஒரு வாக்கியத்தின் மிச்சத்தை மறைத்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று கேட்பார்கள். அது ஒன்றைச் சொல்லும். மறைத்த சொல்லோடு ஒப்பிட்டு, தப்பு எவ்வளவோ அந்த அளவுக்கு உள்ளே இருக்கும் எண்களைத் துளி திருத்துவார்கள். பழைய ரேடியோவில் திருநெல்வேலி நிலையத்தைப் பிடிக்கத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவோமே, கரகர சத்தம் குறையும்வரை? அதேதான். என்ன, ரேடியோவில் ஒரு திருகு. 2020-இல் வந்த, சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 மாடலில் 17,500 கோடி திருகு. அதற்கு ஊட்டிய எழுத்து ஏறக்குறைய 30,000 கோடித் துண்டு.

பயிற்சி முடிந்தபின் மிஞ்சுவது அந்தத் திருகுகள் நிற்கும் நிலைதான். படித்த புத்தகங்களை அலமாரியில் வைத்த மாதிரி அதற்குள் வைத்திருப்பதில்லை. பலமுறை பார்த்த சில வரிகள் அப்படியே மனப்பாடமாகிவிடும். மற்றதெல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கலந்துதான் கிடக்கும். 'புளுகு' கேள்வி வரும்போது இதை ஞாபகம் வையுங்கள்.

"ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் இருந்தா என்ன செய்யும்?"

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. "கொஞ்சம் வெள்ளம் தா" என்று இங்கே யார் வீட்டில் கேட்டாலும் செம்பில் குடிக்கத் தண்ணீர் வரும். மதுரையில் கேட்டால் விழிப்பார்கள். அதே நாம், "வெள்ளம் வந்து வாழை எல்லாம் சாஞ்சு போச்சு" என்றும் சொல்கிறோம். 'தா' என்ற சொல் பக்கத்தில் இருந்தால் ஒரு வெள்ளம், 'வாழை', 'சாஞ்சு' இருந்தால் வேறு வெள்ளம்.

மாடலும் இப்படித்தான் பக்கத்துச் சொற்களைப் பார்த்து அர்த்தம் பிரிக்கிறது. வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டுகளில் எதை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்று எடை போடும். இந்தக் 'கவனம்' முறையை மட்டுமே நம்பிக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பை 2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஜிபிடி என்ற பெயரில் உள்ள 'டி' அதுதான். மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதற்கும் உறவில்லை. கேட்டவர் ஒருவர் உண்டு, அதனால் சொல்கிறேன்.

"டோக்கன் டோக்கன்னு சொல்லுதாவளே, ரேஷன் கடை டோக்கன் மாதிரியா?"

மேலே 'துண்டு' என்று சொல்லிவந்தேனே, அதற்குப் பெயர்தான் டோக்கன். மாடல் எழுத்தையோ சொல்லையோ நேராகப் பார்ப்பதில்லை. அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துக் கூட்டத்தை ஒரு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் பார்க்கிறது.

இதில் தமிழுக்கு ஒரு நஷ்டம் உண்டு. 'நாகர்கோவில்' நம் கண்ணுக்கு 6 எழுத்து. கம்ப்யூட்டரில் அது மெய், உயிர்க்குறி, புள்ளி என்று பிரிந்து 11 குறியாகிறது. குறிக்கு 3 பைட் வீதம் 33 பைட். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 9 பைட்டில் முடிந்துவிடும். ஆரம்பகால மாடல்கள் தமிழை அதிகம் பார்க்காததால், ஒரு தமிழ் எழுத்தையே இரண்டு மூன்று துண்டாக உடைத்தன. அதே விஷயத்தைத் தமிழில் கேட்டால் துண்டு கூடும், நேரம் கூடும், காசு கட்டிப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கட்டணமும் கூடும். புதிய மாடல்களில் இது நிறையக் குறைந்திருக்கிறது, ஆனாலும் ஆங்கிலத்துக்குச் சமமாகவில்லை. 'இந்தச் சொல்லில் எத்தனை எழுத்து' என்ற சின்னக் கேள்வியில் அது தடுமாறுவதற்கும் இந்தத் துண்டுதான் காரணம். எழுத்தே அதன் கண்ணில் படவில்லை, எண்ணுவது எப்படி?

"அடுத்த சொல் வைக்கிற மெஷினுக்கு இவ்வளவு மரியாதை எங்கேருந்து வந்தது?"

நல்ல கேள்வி. முதல் பயிற்சி மட்டும் முடிந்த மாடலிடம் "பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம்?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் அதே மாதிரி இன்னும் நாலு கேள்வியை எழுதி வைக்கும். வினாத்தாளின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொள்ளும். அதனால் இரண்டாவது பயிற்சி உண்டு. நல்ல கேள்வி பதில்களை மனிதர்களே எழுதிக் காட்டுவார்கள். அப்புறம், ஒரே கேள்விக்கு மாடல் எழுதிய இரண்டு பதில்களை வைத்து எது மேல் என்று மனிதர்கள் மார்க் போடுவார்கள். மார்க் அதிகம் விழும் பக்கமாகத் திருகுகளைத் திரும்பவும் திருப்புவார்கள். 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்த சாட்ஜிபிடி இப்படிப் பழக்கியதுதான்.

இதற்கு ஒரு பக்கவிளைவு. மனிதனுக்கு, தான் சொன்னதை ஆமோதிப்பவன்தான் பிடிக்கும். மார்க்கும் அந்தப் பக்கம் சாய்கிறது. அதனால் நீங்கள் அழுத்திச் சொன்னால் சரியான பதிலையும் மாற்றிக்கொண்டு, "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி" என்று குழையும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவர் குணம் கொஞ்சம் வந்துவிட்டது.

"தெரியாட்டி தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே, ஏன் இப்படிப் புளுகுது?"

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கோபத்தோடு. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயைப் பற்றி ஒரு பையனுக்காகக் கேட்டேன். போர் 1741 என்று சரியாகச் சொன்னது. அவர் கல்லறை எங்கே என்றேன். பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்தில் என்று, மரம், மதில், கல்வெட்டு எல்லாம் வர்ணித்து எழுதியது. கல்லறை இருப்பது உதயகிரிக் கோட்டைக்குள். புலியூர்க்குறிச்சி, என் கடையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். நேரில் பார்த்தவன் என்பதால் பிடித்துவிட்டேன், சென்னையில் இருந்து கேட்டவன் அப்படியே எழுதியிருப்பான்.

ஏன் அப்படி? இந்த வட்டாரத்தைப் பற்றிய எழுத்துகளில் டிலனாய், உதயகிரி, பத்மநாபபுரம், மார்த்தாண்ட வர்மா என்ற பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். நம் டைப்பிஸ்ட்டுக்கு இரண்டு இடமும் பொருத்தமாகவே தோன்றும். ஒன்றை வைத்தது, அப்புறம் அந்தத் தொனிக்கேற்ற மரமும் மதிலும் தானாக வந்தன. அது உண்மையைச் சொன்ன வேளையிலும் இதே வேலையைத்தான் செய்தது. புளுகுவதற்கென்று தனி மெஷின் உள்ளே கிடையாது. பொய் என்றால் உண்மை தெரிந்தும் மறைப்பது. இதில் அந்த எண்ணமே இல்லை. "தெரியாது" என்று சொல்லவும் இப்போது பழக்குகிறார்கள், முன்னைக்குப் பரவாயில்லை. ஆனாலும் துணிந்து ஊகிக்கும் மாணவனுக்கு வெறும் தாள் கொடுப்பவனைவிட மார்க் கூட விழும் பரீட்சையில்தான் அது பழகியது.

நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படி வழக்குகளே இல்லை. 5,000 டாலர் அபராதம். பெயர், ஆண்டு, வழக்கு எண், சர்வே எண், அரசாணை எண், பக்க எண் ஆகியவற்றில்தான் இது அதிகம் தவறும். பொதுவான விளக்கத்தில் அவ்வளவாகத் தவறாது. காரணம் வெளிப்படை: விளக்கத்தை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எழுதியிருப்பார்கள், எண்ணை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

"நானும் எங்க மைனியும் ஒரே கேள்வி கேட்டோம், ரெண்டு பதில் வந்துது. எது சரி?"

இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தப்பாகவும் இருக்கலாம். அடுத்த துண்டுக்கு எப்போதும் பல வேட்பாளர்கள் இருப்பார்கள். அதிக வாய்ப்புள்ளதையே எப்போதும் எடுத்தால் பேச்சு மரக்கட்டையாகிவிடும் என்று, கொஞ்சம் குலுக்கல் முறையில் எடுக்க விட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரு சொல் மாறினால் பதிலின் போக்கே மாறும்.

இதை ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். புதிய உரையாடல் திறந்து அதே கேள்வியை மூன்று தடவை கேளுங்கள். மூன்று தடவையும் வேறு வேறு ஆண்டு வந்தால் அது ஊகிக்கிறது என்று அர்த்தம். ஒரே ஆண்டு வந்தால் மட்டும் உண்மை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

"கம்ப்யூட்டர்தானே, கணக்குல எப்படித் தப்பு வரும்?"

கால்குலேட்டர் கணக்குப் போடுகிறது, மாடல் கணக்கின் விடை *போல* ஒன்றை எழுதுகிறது. 347 கிலோ தேங்காய், கிலோ 58 ரூபாய் 50 காசு என்றால் 20,299 ரூபாய் 50 காசு. இதை மனசுக்குள்ளேயே எழுதச் சொன்னால் முன்னால் உள்ள இலக்கங்கள் சரியாக இருக்கும், நடுவில் ஒன்று வழுக்கலாம். இப்போது பல சாட்பாட்கள் கணக்கு வந்தால் தாமே ஒரு சிறு புரோகிராம் எழுதி ஓட்டி விடை எடுக்கின்றன. அப்போது விடை சரியாக வரும். ரப்பர் ஷீட் கணக்கு, வட்டிக் கணக்கு என்றால் "கருவி பயன்படுத்திக் கணக்குப் போடு" என்று சொல்லிவிடுவது நல்லது. போனிலேயே கால்குலேட்டர் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

"பேச்சிப்பாறை அணையில இன்னைக்கு எத்தனை அடின்னு கேட்டா ஏதோ பழைய கதை சொல்லுது?"

பயிற்சி ஒரு தேதியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்தது திருகுகளுக்குத் தெரியாது. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்பதுபோல மாறாதவற்றைச் சொல்லும். இன்றைய மட்டம் இன்றைய செய்தி, அது எப்படித் தெரியும்?

இங்கேதான் இரண்டாவது பதிலை நான் கொஞ்சம் திருத்த வேண்டும். இப்போது பல சாட்பாட்களோடு இணையத் தேடலையும் சேர்த்துவிட்டார்கள். தேடி, கிடைத்த பக்கங்களைப் படித்து, அதை வைத்துப் பதில் எழுதும். கீழே இணைப்பு காட்டினால் தேடியிருக்கிறது என்று பொருள். இணைப்பைத் திறந்து தேதியைப் பாருங்கள். போன வருஷ மழைச் செய்தியை எடுத்து இன்றைக்கு என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள் வானிலையை இதனிடம் கேட்கவே வேண்டாம். ஒக்கிப் புயலில் பட்டது நமக்குப் போதும். வானிலை மையத்தின் எச்சரிக்கையை நேராகப் பாருங்கள்.

"நேத்து அவ்வளவு பேசினேன், இன்னைக்கு யாருன்னே தெரியாத மாதிரி கேக்குது?"

பேசுவதால் திருகுகள் நகர்வதில்லை. ஒரு உரையாடலுக்குள், மேலே உள்ள பேச்சு முழுவதையும் ஒவ்வொரு தடவையும் திரும்ப வாசித்துத்தான் பதில் எழுதும். அதற்கும் அளவு உண்டு. ஜிபிடி-3 காலத்தில் 2,048 துண்டு. இப்போது லட்சக்கணக்கில் போகிறது. புதிய உரையாடல் என்றால் வெறும் பலகை. சில செயலிகளில் 'நினைவு' என்று ஒரு வசதி இருக்கிறது. அது உங்களைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதி வைத்து, அடுத்த தடவை பேச்சுக்கு முன்னால் ஒட்டிக்கொள்வது.

"அப்போ நாம சொல்லுறது எதுவும் அதுக்குள்ள தங்காது, ஆதார் நம்பர் போடலாம், இல்லியா?"

ஐயோ, அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். திருகு உடனே நகர்வதில்லை என்றுதான் சொன்னேன். நீங்கள் அனுப்பியது அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. பல நிறுவனங்கள், நாம் அமைப்பில் போய் நிறுத்தாவிட்டால், அந்தப் பேச்சை அடுத்த மாடலின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கின்றன. ஆதார், பாஸ்போர்ட் பக்கம், வங்கிக் கணக்கு, ஓடிபி எதையும் போடாதீர்கள். வளைகுடா வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்தே ஏற்றிவிடுகிறார்கள். பெயரும் எண்ணும் இல்லாமல் எழுத வைத்து, கடைசியில் கையால் நிரப்பினால் போதும். சாட்பாட் என்று சொல்லி யாராவது காசைச் சுருட்டிவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

"நம்ம ஊர்த் தமிழு அதுக்குப் புரியுமா?"

பாதி. 'மரச்சீனி' என்றால் மரவள்ளிக்கிழங்கு என்று பிடித்துக்கொள்கிறது. 'அண்டி ஆபீஸ்' என்றேன். முந்திரி ஆலை என்று பிடிபடவில்லை, ஏதோ அரசு அலுவலகம் என்று எழுதியது. ஜிபிடி-3-க்கு ஊட்டிய எழுத்தில் 93 சதவீதத்துக்கு அருகில் ஆங்கிலம். மிச்சத்தை உலகத்து மொழிகள் எல்லாம் பங்கு போட்டுக்கொண்டன. அந்தத் தமிழிலும் செய்தித்தாள் தமிழ்தான் கூடுதல். விளவங்கோட்டுப் பாட்டி பேசுவதை யார் எழுதி இணையத்தில் போட்டார்கள்? சென்னை ஐஐடி-யின் ஏஐ4பாரத், மத்திய அரசின் பாஷினி ஆகியவை இந்திய மொழிகளின் எழுத்தையும் பேச்சையும் திரட்டிவருகின்றன. நாகர்கோவில் பேச்சுவழக்கு அதில் எவ்வளவு சேரும் என்பது நாம் எவ்வளவு எழுதுகிறோம், பேசிப் பதிகிறோம் என்பதைப் பொறுத்தது.

"பிள்ளை எழுதினதா, ஏஐ எழுதினதான்னு கண்டுபிடிக்க ஏதாவது இருக்கா?" (ஓர் ஆசிரியை)

நம்பத்தக்கதாக இல்லை டீச்சர். சாட்ஜிபிடி நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் எடுத்துவிட்டது. நல்ல நடையில் எழுதும் பிள்ளையைத் திருடன் ஆக்கிவிடும். பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா.

"கடைசியா ஒண்ணு, அது நெசமாவே யோசிக்குதா?"

2024-லிருந்து வரும் சில மாடல்கள் பதிலுக்கு முன்னால் நீளமாக வழிமுறை எழுதிப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்கின்றன. பரீட்சைத் தாளில் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது போல. கணக்கும் தர்க்கமும் இதனால் நன்றாகவே மேம்பட்டன. இதை யோசனை என்று சொல்லலாமா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இரண்டு கட்சி. அடுத்த சொல்லைச் சரியாக வைக்கவே விஷயம் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டாமா என்பது ஒரு கட்சி. புரிந்தால் கல்லறையை இடம் மாற்றுமா என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்ந்தவன், ஆனால் முன்னளவு உறுதி இப்போது இல்லை.

"அது மனு எழுதித் தந்துட்டா, அண்ணே, உங்க கடை?"

வந்தாயிற்று. போன மாதம் ஒருவர் பட்டா மாறுதல் மனுவை போனில் எழுத வைத்துக் கொண்டுவந்து பிரிண்ட் கேட்டார். தமிழ் சுத்தம், என்னுடையதைவிட அழகு. மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'உங்கள் பெயர் இங்கே' என்று அப்படியே இருந்தது. கீழே ஒரு சர்வே எண். "இது உங்க விளையோட நம்பரா?" என்றேன். அவர் சொல்லவே இல்லையாம், அதுவே போட்டுக்கொண்டது. வீட்டுக்குப் போன் செய்து பழைய ஆதாரத்தை (நிலப் பத்திரத்தை) பார்த்து வாசிக்கச் சொல்லி, எண்ணைத் திருத்தி, பெயரைப் போட்டு, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். பழைய டைப்பிங் ரேட்டுதான் வாங்கினேன்.